பசுவின் வாய்க்குள் போன கை

நான் பயந்தாங்கொள்ளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி, இடி, கரப்பான்பூச்சி, மேலதிகாரியின் செருப்புச் சத்தம், எல்லாவற்றுக்கும் எனக்குப் பயம். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பசுமாடு காட்டிய பயத்துக்கு முன்னால் அதெல்லாம் விளையாட்டு.

அப்போது காலடிப்பேட்டையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டு ஒன்றில் கிளார்க் வேலை. மாமா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி ஆந்திரா பக்கம்தான் இருப்பார். அக்கா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு பசுவும் கன்றும் வைத்திருந்தாள். தெருவில் பாதி வீடுகளுக்கு அவள் பால்தான் போகும்.

எங்கள் பக்கத்து மாடுகளுக்குப் புல் என்றால் என்னவென்றே தெரியாது. காலையில் கறந்துவிட்டு அவிழ்த்து விட்டால் ஹைரோடு வரை போய், சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பசையோடு கிழித்துத் தின்னும். குப்பைத்தொட்டியில் மிச்சச் சோற்றைக் கட்டிப் போட்டிருந்தால் பிளாஸ்டிக் கவரோடு விழுங்கும். அதனால் ஒரு மாடு தீனி எடுக்காமல் எச்சில் வடித்துக்கொண்டு நின்றால் தெருவில் யாருக்கும் நோய் என்று தோன்றாது. தொண்டையில் கவர் மாட்டிக்கொண்டது என்பார்கள். ஒருவர் வாயைப் பிடிக்க, இன்னொருவர் கையை விட்டு எடுப்பார். அக்கா இதில் கில்லாடி. முன்பு ஒருமுறை துணிக்கடைக் கவர் ஒன்றை அவள் முழுசாக உருவி எடுத்ததைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தோம். பசு தவிட்டுத் தண்ணீரில் வாயை வைத்துவிட்டு எடுத்துவிட்டது. வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில். கத்தினால் குரல் கட்டிப்போன ஆள் கத்துவது போல் இருந்தது. நான் தாடையைப் பிடித்தேன், அக்கா முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். முந்தின நாள் மீன் ஆயும்போது அருவாமனை கீறிய காயம் அவள் விரலில் இருந்தது. கவர் எதுவும் வரவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று சொல்லி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பசுவால் பின்காலை ஒழுங்காக ஊன்றி நிற்க முடியவில்லை. கொம்பால் தகரத்தை முட்டியது. நான் போய் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். சின்ன வயசு, முகத்தில் சிரிப்பே கிடையாது. கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வராமல், இந்த மாட்டை நாய் ஏதாவது கடித்ததா என்று கேட்டார்.

அக்கா யோசித்தாள். பொங்கலுக்கு முன்னால் பின்காலில் ஒரு கடி இருந்ததாகவும், மஞ்சள் வைத்துக் கட்டியதில் ஆறிப்போனதாகவும் சொன்னாள். அப்போது பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆறிப்போன புண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

டாக்டரம்மா அடுத்து கேட்டது, வாயில் யார் கை வைத்தீர்கள் என்று. அக்கா தன் கையைக் காட்டினாள், தாடையைப் பிடித்தது நான் என்றேன். அவ்வளவுதான், எங்கள் இருவரையும் அடிபம்புக்கு விரட்டி, சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார். போதும் என்று எடுத்தபோதெல்லாம் இன்னும் இன்னும் என்றார். என் கையிலும் கயிறு அறுத்த சிராய்ப்பு இருந்தது. சோப்பு பட்டு எரிந்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

இது வெறிநோய் என்றார். நாய் கடித்த இடத்திலிருந்து கிருமி ரத்தத்தில் ஓடாதாம். நரம்பைப் பிடித்துக்கொண்டு பொடிநடையாக மூளையை நோக்கிப் போகுமாம். அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம், அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. மூளைக்குப் போய்விட்டால் எச்சிலில் இறங்கும். அப்புறம் மாட்டுக்கும் சரி மனுஷனுக்கும் சரி, மருந்தே இல்லை. தடுப்பூசி என்பது உடம்புக்கு அந்தக் கிருமியின் சாயலை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது. அடையாளம் தெரிந்துகொண்டால் எதிர்த்து அடிக்க உடம்பே ஆள் சேர்த்துவிடும், ஆனால் கிருமி மேலே போய்ச் சேருவதற்குள் சேர்க்க வேண்டும் என்றார். கடித்த அன்றே பசுவுக்கு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்றும் சொன்னார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கன்று தாயிடம் குடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கும் ஊசி போட வேண்டும் என்றதும் அக்கா உடனே சரி என்றாள். தனக்கு என்றதும் முடியாது என்றுவிட்டாள். டாக்டரம்மா எவ்வளவோ அதட்டிப் பார்த்தார். கடைசியில், அக்காவை இழுத்துக்கொண்டு போவது உங்கள் பொறுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கு வந்த கோபத்தில், மாட்டுக் கன்றுக்கு இருக்கிற மரியாதை உன் உசுருக்கு இல்லையா என்று கத்தினேன்.

"ஊசி போட்டுகினு வந்தா தெருவுக்கே தெரிஞ்சுபூடும்டா. பச்சப்புள்ள கீற வூட்டுக்கெல்லாம் என் பாலு போயிகினு கீது. நான் இன்னா மூஞ்சிய வெச்சுகினு நிப்பேன்?"

காய்ச்சிய பாலில் கிருமி சாகும் என்று டாக்டரம்மா சொன்னதை ஞாபகப்படுத்தினேன். பச்சையாகக் குடித்தவர்கள் மட்டும் ஆஸ்பத்திரியில் காட்டினால் போதும் என்றிருந்தார். அவள் காதிலேயே வாங்கவில்லை. அந்தக் காலத்தில் நாய்க்கடி ஊசி என்றால் தொப்புளைச் சுற்றித்தான். அதை நினைத்தாலே எனக்குக் கால் நடுங்கும். என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த நடுக்கம்தான். நீ வராவிட்டால் நானும் போட்டுக்கொள்ள மாட்டேன், வருவது வரட்டும் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வீறாப்பாகச் சொன்னேனே தவிர, கிருமி இந்நேரம் என் மணிக்கட்டைத் தாண்டியிருக்குமா முழங்கைக்கு வந்திருக்குமா என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா என் கையை இழுத்துச் சிராய்ப்பைப் பார்த்தாள். அப்புறம் புடவை மாற்ற உள்ளே போனாள்.

போகிற வழியிலேயே அவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று விஷயத்தைச் சொன்னாள். பச்சைப் பால் யாராவது குடித்தீர்களா என்று கேட்டாள். நல்லவேளை, எல்லோரும் காய்ச்சிக் குடிக்கிறவர்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னொருத்தி பால் சொம்பை எங்கள் கண் எதிரிலேயே சாக்கடையில் கவிழ்த்தாள். அக்கா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஊசி நான் பயந்ததைவிட மோசம். வயிறு கொழுக்கட்டை மாதிரி வீங்கி, நிமிர்ந்து நடக்க முடியாது. தினமும் யார்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போவேன், அக்கா எனக்கு முன்னால் வந்து வரிசையில் நிற்பாள். அதற்கிடையில் பசு கயிற்றோடு விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டே செத்துப்போனது. கார்ப்பரேஷன் வண்டி எடுத்துப்போன பிறகு கொட்டகை முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவினோம். அந்த வாசனை வீட்டுச் சோற்றில்கூட இருப்பது போல் எனக்குத் தோன்றும்.

ஊசிகள் முடிந்தன. பயம் முடியவில்லை. ஊசி வேலை செய்ததா என்று எப்படித் தெரியும் என ஆஸ்பத்திரியில் கேட்டேன். பயப்படாமல் போய் வேலையைப் பாருங்கள் என்றார்கள். பயப்படாமல் இருக்க எனக்குத் தெரிந்தால்தானே. வெறி பிடித்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும் என்று யார்டில் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து என்னைச் சோதித்துக்கொள்வேன். அப்புறம் அக்கா குடிக்கும் வரை காத்திருப்பேன். அவள் சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பாள். இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு நெஞ்சுரம் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சொம்பை எடுத்தவள் குடிக்காமல் நிறுத்தினாள். தொண்டை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இல்லடா. தெனைக்கும் தண்ணிய தூக்குறப்ப ஒரு வாட்டி செத்துப் பொழைக்கிறேன். நீ பாத்துகினே கீறியே, அதான் சிரிச்சுகினு குடிக்கிறேன்."

அதன் பிறகு அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். உள்ளே சொம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பி வருவேன்.