முற்றத்தில் புதைத்த பால்மா டின்

முற்றத்தில் ஏன் ஒரு பால்மா டின் வாய் தெரியப் புதைந்து கிடக்கிறது என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அது உங்கள் அக்காவுக்காகப் புதைத்தது. நீங்கள் அப்போது பிறக்கவில்லை.

அக்காவுக்கு மூன்று வயதாக இருந்தபோது நான் கட்டாருக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுவதுதான் வேலை. கோல்ஃப் என்றால், சின்ன வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து அடித்துத் தூரத்தில் உள்ள குழிக்குள் விழுத்துகிற விளையாட்டு. குழியைச் சுற்றிப் புல் பாய் மாதிரி இருக்கும். கிட்ட வந்த பந்தை அதில் மெல்லத் தட்டித்தான் விழுத்த வேண்டும். அந்தத் தட்டுத்தான் கஷ்டம்.

விளையாட வந்தவர்கள் போன பிறகு, பின்னேரங்களில், மேற்பார்வையாளர் எங்களையும் தட்டிப் பார்க்க விடுவார். முதலில் என் பந்து ஒன்றும் விழவில்லை. அடித்த உடனே பந்து எங்கே போகிறது என்று தலையைத் தூக்கிவிடுவேன். தோள் திரும்பும், மட்டையும் திரும்பும். கூட வேலை செய்த நேபாளக்காரர், தலையை அசைக்காதே, பந்து விழுகிற சத்தத்தைக் காதால் கேள் என்றார். மணிக்கட்டை மடிக்காமல் தோளால் ஊஞ்சல் மாதிரி ஆட்டவும் அவர்தான் காட்டினார். இன்னொன்றும் பழகினேன். அங்கே குழியைச் சுற்றிய நிலம் எல்லாம் சரிவு. குழியைப் பார்த்து அடித்தால் பந்து விலகிவிடும். ஒரு சாண் பக்கத்தில் பார்த்து அடிக்க வேண்டும். ஆறு வருஷத்தில் அது கையில் ஊறிவிட்டது.

வீட்டுக்கு ஃபோன் எடுத்தாலும் அக்காவோடு அப்படித்தான், நேரே கேட்காமல் பக்கத்தில் பார்த்துக் கதைத்தேன். பள்ளிக்கூடம் எப்படி, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, மாடு கன்று போட்டுவிட்டதா என்று கேட்பேன். அப்பாவைத் தேடுதா, அப்பா இல்லாமல் உனக்கு ஏக்கமாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

திரும்பி இங்கே உருத்திரபுரம் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கிட்ட வரவில்லை. நான் கொண்டுவந்த சொக்லேட்டைக்கூட உங்கள் அம்மா கொடுத்தால்தான் வாங்கினாள். இரண்டு கிழமை இப்படியே போனது.

"அவளுக்கு உங்களைத் தெரியாதப்பா, ஃபோனைத்தான் தெரியும்" என்றா அம்மா.

எப்படியாவது அவளைக் கிட்ட வரவைக்க வேண்டும். அங்கே நான் என்ன செய்தேன் என்று காட்டலாம் என நினைத்தேன். மைதானத்தில் கழித்துவிட்ட பழைய மட்டை ஒன்றும் பந்து ஒன்றும் என் பெட்டியில் இருந்தன. வயலை மட்டப்படுத்துகிற மாதிரியே முற்றத்தில் வரம்பு கட்டித் தண்ணீர் விட்டேன். தண்ணீருக்கு மேலே தெரிந்த மேட்டைச் சுரண்டிப் பள்ளத்தில் போட்டேன். காய்ந்ததும் அம்மா சாணம் மெழுகினா. டின்னைப் புதைத்துவிட்டு அடித்தேன்.

விழவில்லை. பத்துத் தரம் அடித்தேன். பத்தும் ஒரே பக்கத்தால் போயின.

நிலையடியில் நின்றவள் முற்றத்துக்கு இறங்கி வந்தாள்.

"அப்பா, டின் இஞ்ச இருக்கு. நீங்கள் ஏன் அங்கால பாத்து அடிக்கிறியள்?"

தண்ணீர் விட்டு மட்டம் பிடித்தவன் நான்தான். சரிவே இல்லாத நிலத்தில் சரிவுக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நேரே பார்த்துத் தட்டினேன். தலையைத் தூக்கவில்லை. டின்னுக்குள் 'டக்' என்று கேட்டது. அதற்குப் பிறகு அவள் சிரித்ததும் கேட்டது.

குனிந்தபடியே கேட்டேன். "அப்பாவைத் தேடினியோ, பிள்ளை?"

அவள் டின்னுக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தாள்.

"முதல் தேடினனான். பிறகு தேடேல்லை."

பந்தை என் கையில் வைத்தாள். "இன்னொருக்கா அடியுங்கோ."

அக்கா இப்போது படிப்புக்காக வவுனியாவில் தங்கியிருக்கிறாள். டின் துருப்பிடித்து மூன்று தரம் மாற்றிவிட்டேன். மழைக்கு நிறைந்தால் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டுத் துணியால் துடைக்கிறேன். ஃபோன் எடுத்தால் நான் இப்போது சுற்றி வளைப்பதில்லை. உன்னைத் தேடுது, எப்ப வாறாய் என்றுதான் கேட்கிறேன்.

அவள்தான், வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, மாடு எப்படி என்று கேட்கிறாள்.