உரிக்க மறவாதே

நாற்பத்தொரு வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரை வகுப்பே ‘அக்கா’ என்றது. பேராசிரியரும்தான், அவர் இரண்டு வயது இளையவர். பதினேழு வருடம் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணியவர், விமான இறக்கைக்கான பொருள் செய்யப் படிக்கப்போவதாக அறிவித்தபோது வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான்: “பறக்குமா?”

பறக்க வேண்டாம், பிளக்காமல் இருந்தால் போதும். பிசின் ஊறிய கார்பன் துணியைப் பதினாறு அடுக்காக ஒட்டி, அடுப்பில் சுட்டுப் பலகையாக்க வேண்டும். இயந்திரம் வளைக்கும்போது தாங்கினால் பட்டம், தாங்காவிட்டால் இன்னொரு வருடம்.

ஒவ்வொரு துணியின் முதுகிலும் நீல பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். துணியை ஒட்டியதும் தாளை உரித்துத் தட்டில் போட வேண்டும். கடைசியில் எண்ண வேண்டும். அக்கா முன்னெச்சரிக்கையின் மொத்த உருவம். பதினாறு தாளிலும் கறுப்பு மையில் ‘உரிக்க மறவாதே’ என்று எழுதிவைத்திருந்தார்.

ஏழாவது அடுக்கை ஒட்டும்போது, தாளைத் தரையில் தவறவிட்ட பக்கத்து மேசைப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். “கவனம் எங்கம்மா இருக்கு? இது என்ன விளையாட்டா?” கால் மணி நேரம் விளாசிவிட்டுத் திரும்பி, எட்டாவதை ஒட்டினார்.

எண்ணியபோது பதினைந்து.

“ஒண்ணு குறையுதுக்கா,” என்றார் ஆய்வக உதவியாளர். “பிரிச்சுப் பார்த்துடலாமா? சுட்டுட்டா கல்லாயிடும்.”

“என் எண்ணிக்கையா தப்பும், தம்பி? கீழ விழுந்திருக்கும்.” மேசைக்கடியில் குனிந்த அக்கா ஒரு நீலத் தாளோடு நிமிர்ந்தார். “இதோ!”

“இதுல எழுத்தே இல்லையேக்கா.”

“மை அழிஞ்சிருக்கும்.”

பக்கத்துப் பெண்ணுக்கும் ஒன்று குறைந்தது. அவள் அழுதுகொண்டே மொத்தத்தையும் பிரித்தாள், ஒன்றும் கிடைக்காமல் புதுத்துணியில் மறுபடி செய்தாள், தேறி அதே ஆய்வகத்தில் வேலைக்கும் சேர்ந்தாள்.

அக்காவின் பலகை பாதி வளைவதற்குள் புத்தகம் போல விரிந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நீலத் தாள், சுருக்கமில்லாமல். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் முழுதாகத் தாங்கியது அது ஒன்றுதான். பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்து சத்தமாக வாசித்தார்: “உரிக்க மறவாதே.”

யாரும் சிரிக்கவில்லை. அதற்கு மிகவும் பாடுபட்டார்கள்.

“கையெழுத்து நல்லா இருக்குக்கா,” என்றார் பேராசிரியர். “அடுத்த வருஷம் பார்ப்போம்.”

அடுத்த வருடம் அக்கா தாள்களில் எதுவும் எழுதவில்லை. பதினாறாவதை உரித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“தம்பி, நீ எண்ணு. அப்புறம் அந்தப் பொண்ணையும் கூப்பிடு, அவளும் ஒருதடவை எண்ணட்டும்.”