மிளகாய்ப் புகையும் மிரியத்தின் விரதமும்

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வலப்பக்க வீட்டில் மிரியம் என்ற யூதப் பெண் இருக்கிறாள். நல்ல பிள்ளை, சிரித்த முகம். போன வருடம் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். நாளைக்கு அவர்கள் சமயத்தில் தண்ணீர்கூடக் குடிக்காத விரதமாம். அதற்குமுன், பிழை செய்த ஆட்களிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

அதற்கு முந்தின வருடம் நான் மிளகாய் வறுத்த புகைக்காக என்மேல் கவுன்சிலில் முறைப்பாடு கொடுத்தது தான்தான் என்று கண் கலங்கினாள்.

ஐயோ! இடப்பக்க வீட்டு நவம்தான் கொடுத்தார் என்று நம்பி, நான் ஒரு வருடமாக அவரோடு கதைக்கவே இல்லை!

மிரியத்தைக் கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டு, நேரே போய் நவத்தின் கதவைத் தட்டினேன்.

"தம்பி, உங்களைப் பிழையா நினைச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, உண்மையைச் சொல்லுறன். நானும் ஒரு முறைப்பாடு குடுத்தனான்."

"அட பாவி! அப்ப நான் கதைக்காம விட்டது சரிதானே?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் மன்னிக்கவும் வேண்டிவரும் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. இப்போதெல்லாம் மிளகாய் வறுக்கிற நாளில், யன்னலைச் சாத்தச் சொல்லி இரண்டு வீட்டுக்கும் முதலே போய்ச் சொல்லிவிடுகிறேன்.