உருவாத முப்லிஹா மிஸ்

வருகிறவரின் கையிலிருக்கும் எண்ணெய்ப் போத்தலைத்தான் முப்லிஹா முதலில் வாங்குகிறார். அதை ஜன்னலடியில் வைத்துவிட்டுத்தான் “எங்க நோகுது?” என்று கேட்கிறார். ஏறாவூர்க்காரர், வயது முப்பத்தாறு, செங்கலடிச் சந்திக்குக் கிட்ட ஒரு வாடகை அறையில் இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி, செய்கிறார். ஊரோ அவரை ‘உருவுற மிஸ்’ என்கிறது. அந்தப் பேர் காதில் விழுந்தால் மனுசிக்கு மூக்கு நுனியில் கோபம். தோள் பிடித்துக்கொண்டு நல்லெண்ணெயோடு போய் நின்ற கோமாளிகளில் நானும் ஒருவன்.

நம் சனத்துக்கு உடம்பில் எது பிடித்தாலும் ‘நரம்பு பிரண்டிட்டு’. எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் சரியாகிவிடும் என்று நினைப்பு. குருக்கள்மடத்து உதயரூபனும் அப்படித்தான் வந்தான். வாவியில் வீச்சுவலை போடுகிறவன். தோணியிலிருந்து கரைக்குப் பாய்ந்தபோது கெண்டைக்காலில் ‘டக்’கென்று ஏதோ விட்டுப்போயிற்றாம். அதுவும் இறால் படுகிற காலத்தில்.

“கொஞ்சம் உருவி விடுங்க மிஸ். நாளைக்குத் தொழிலுக்குப் போகணும்.”

“உருவ ஒண்ணா! நரம்பில்ல தம்பி, சதை கிழிஞ்சிருக்கு. வயல் வட்டையில வரம்பு உடைஞ்சா, தண்ணி வடிய முன்னம் மண்ணப் போட்டா நிக்குமா? உள்ளுக்க இப்பதான் பழசு கழுவுப்படுது. மறுகாதான் புதுசு வளரும்.”

ஐஸ் வைத்தார், துணி சுற்றினார். மூன்றாம் நாள் கால் நீலம் பாரித்தபோது அது பரவுதா, வடியுதா என்று பார்க்க நீலத்தின் ஓரத்தில் பேனையால் கோடு கீறித் திகதியும் போட்டார். தோள் பயிற்சிக்கு வந்திருந்த எனக்கு அவன் காலைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு ஒரு கிழமை படுத்தே கிடந்துவிட்டு வந்தவனுக்கு அதற்கும் ஏச்சு விழுந்தது. “சும்மா கிடந்தா சதை வளரும், இழுவைக்குப் பழகாது. நடங்க. நோ கூடினா நில்லுங்க.” பிறகு நுனிக்காலில் எழும்பி நிற்கிற பயிற்சி, பத்துத் தரம், இருபது தரம். “நோகல்ல மிஸ்” என்று அவன் புளுகும்போது முப்லிஹா முகத்தைப் பார்ப்பதே இல்லை. நிலத்தில் குந்தியிருந்து கால்விரல்களையே பார்ப்பார். விரல் நிலத்தைக் கவ்வினால் நோகிறது என்று கணக்கு; அந்தத் தரம் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்தால் என் தோள் எப்போதோ சுகமாகியிருக்கும்.

நான்காம் கிழமை, தோணி விளிம்பின் உயரத்தில் ஆட்கள் குந்துகிற மர வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டார். “இனிப் பயமில்ல. ஏறிப் பாயுங்க.”

இத்தனை நாளும் ‘போகணும், போகணும்’ என்று நச்சரித்தவன் வாங்கில் ஏறி நின்றான். பாயவில்லை. “திரும்பக் கிழிஞ்சா என்ன செய்யிற மிஸ்? இந்தக் காலை நம்பித்தானே நான் தண்ணியில இறங்கணும்?” என்றான்.

முப்லிஹா அவன் கால்விரல்களை ஒரு தரம் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு கையால் அபாயாவைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வாங்கில் ஏறி அவன் பக்கத்தில் நின்றார். “ஒண்டு, ரெண்டு” என்று எண்ணியவர், ‘மூண்டு’ சொல்லாமல் தானே முதலில் பாய்ந்தார்.