தொடாத வெங்காயம்

எர்பிலில் நிதி அமைச்சகத்தின் கார் ஓட்டுநர் ரெப்வாருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். இன்னும் மூன்று வருடம் ஓட்டினால் பென்ஷன். இப்போதைக்கு மூன்று மாதமாகச் சம்பளமே இல்லை. பாக்தாத்தின் மத்திய அரசு பணம் அனுப்பவில்லை என்றது எர்பிலின் வட்டார அரசு. எப்போதோ அனுப்பியாயிற்று என்றது பாக்தாத். இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்பதில் மட்டும் ரெப்வாருக்குச் சந்தேகமே கிடையாது.

இந்தப் பணத்துக்காகப் பேரம் பேசும் வட்டார அரசின் குழுவைப் பாக்தாத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவர் வேலை. கூட்டம் நடக்கும் அறையை அவர் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் உள்ளே நடந்தது அமைச்சரைவிட ரெப்வாருக்கு நன்றாகத் தெரியும் என்று தெருவே நம்பியது. காரணம் கெபாப். பேரம் முறிந்தால் குழு கண்ணை மூடிக்கொண்டு நேரே வீடு வந்து சேரும். படிந்தால், வழியில் கிர்குக் நகரம் தாண்டியதும் கெபாப் கடையில் நிறுத்தச் சொல்லும். ஏழு வருடத்தில் இது ஒருமுறையும் தப்பியதில்லை. தொலைக்காட்சியோ எல்லா முறையும் ‘ஆக்கபூர்வமான பேச்சு’ என்றே சொன்னது.

இந்த ரகசியத்தை முடிவெட்டும் ஹமாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். எனவே ஊருக்கே தெரியும். மளிகைக்காரர்கூட கெபாப் நிலவரம் கேட்டுத்தான் கடன் கொடுத்தார்.

இந்த முறை அந்த நிலவரம் ரெப்வாருக்கே தேவைப்பட்டது. சிமெண்ட் ஆலையில் லாரி ஓட்டக் கூப்பிட்டிருந்தார்கள். வாராவாரம் கூலி. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் பென்ஷன் போச்சு.

புதன்கிழமை திரும்பி வரும்போது கிர்குக்குக்கு முன்பே குழுத் தலைவர் டாக்டர் சாலார் பின்சீட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

“ரெப்வார், கெபாப் கடைல நிறுத்துப்பா. இன்னைக்கு வயிறாரச் சாப்பிடலாம்.”

“நல்ல சேதிங்களா டாக்டர்?”

“நீதான் பாக்கப்போறியே. ஆமா, உன் பார்பர் ஹமா சௌக்கியமா?”

ரெப்வார் கண்ணாடியில் பார்த்தார். டாக்டர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஹமாவை இவருக்கு எப்படித் தெரியும்?

கடையில் ரெப்வார் ஓரத்து மேசையில் உட்கார்ந்து கவனித்தார். ரொட்டி, சுட்ட தக்காளி, பச்சை வெங்காயம் எல்லாம் வந்தன. பேரம் படிந்த நாட்களில் டாக்டர் வெங்காயத்தை ஆப்பிள் மாதிரி கடிப்பார். இன்று அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தள்ளினார்கள்.

“வெங்காயம் எடுத்துக்கலீங்களா?” என்றார் கடைக்காரர்.

“வேணாம்பா, காலைல...” என்று தொடங்கிய டாக்டர் ரெப்வாரைப் பார்த்தார். “வயிறு சரியில்ல.”

மூன்று குச்சி கெபாப் இறங்கிய வயிறு.

ஊர் திரும்பியதும் தெருமுனையில் ஹமா கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தார்.

“ரெப்வார் அண்ணே! நிறுத்தினாங்களா?”

“நிறுத்தினாங்க.”

அது பொய்யில்லை. தெருவில் விசில் பறந்தது.

வீட்டில் மனைவி பெரிகான் கேட்டாள்: “அப்போ சம்பளம் வருதா?”

“கெபாப் ஊருக்குக் காட்டத்தான். ஒருத்தரும் வெங்காயத்தத் தொடல. நாளைக்குக் காலைல மறுபடி எவன் மூஞ்சிக்கு முன்னாடியோ வாய் நாறாம உக்காந்து பேசணும்போல.”

“அப்ப ஆலைக்காரனுக்குப் போனப் போடு.”

“பென்ஷனுக்கு மூணு வருஷந்தான் பாக்கி, பெரிகான்.”

“அதக் குடுக்கப்போறதும் இதே ஆளுங்கதான?”

ரெப்வார் போனில் ஆலையின் எண்ணை அழுத்தினார். வெளியே மளிகைக்காரர் கடன் நோட்டைத் திறந்துவிட்டார் என்று யாரோ கூவினார்கள். வெங்காயத்தைப் பற்றி ஹமாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று முடிவுசெய்தார். சொன்னால் அடுத்த முறை டாக்டர் அதையும் தின்றுவிடுவார்.