ஒரு ஆளுக்கு ஒரு வார்த்தை

அந்த பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில், யாருக்கு உடம்புக்கு என்ன என்று தீர்மானிக்கிற அதிகாரம் டாக்டரிடம் இல்லை. அது அனீசி அண்ணனிடம் இருந்தது. மருத்துவ அறை வாசலில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மூலை மடங்கிய ஒரு நோட்டு. அவருடைய ராஜ்ஜியம் அவ்வளவுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் தலைமை அலுவலகம் செய்த கூத்து. கடல் தாண்டி உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், லீவு கேட்பவர் தன் உபாதையை ஒரே ஒரு ஆங்கில வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். அதோடு விட்டானா? ஒரே நாளில் இரண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால், இரண்டாமவர் காப்பியடித்தார் என்று அர்த்தமாம். அவருக்குச் சீட்டு வராது. சீட்டு இல்லாமல் டாக்டரின் கண்ணாடிக் கதவைத் தொடக்கூடாது.

அண்ணன் பன்னிரண்டு வருஷமாக அலைந்து திரிந்து முப்பத்தொரு வார்த்தை சேர்த்து வைத்திருந்தார். வயிற்றைப் புரட்டுகிறதா, குவீசி. கை வெடவெடக்கிறதா, ஜிட்டரி. பிசுபிசுவென்று வேர்த்தால் கிளாமி. இருப்புக்கொள்ளவில்லையா, ரெஸ்ட்லெஸ். காரணமே தெரியாமல் மனசு கிடந்து அடித்துக்கொண்டால் அனீசி. அதற்குத்தான் அடிதடி. அதனால்தான் அவருக்கு அந்தப் பெயரும் வந்தது.

ஆளைப் பார்த்தே அளவெடுத்துவிடுவார்.

“அண்ணே, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறேன். எனக்கு இன்னைக்கு எட்ஜி போட்டுக் குடுங்கண்ணே.”

“எட்ஜி உனக்குத் தாங்காதுடா. இது தூக்கம் வழியிற மூஞ்சி. டிரவ்சி வாங்கிட்டுப் போ.”

ஒருமுறை கைப்பிடி மாட்டுகிறவருக்கு வேறு வார்த்தை இல்லாமல் ஜிட்டரி கொடுத்தார். அந்த மனுஷனுக்கு ஒரு வாரம் நிஜமாகவே கை நடுங்கி, நானூறு வாளி கைப்பிடி இல்லாமல் வெளியே போனது. அண்ணன் வாய் பலிக்கும் என்று பேச்சாகிவிட்டது. அண்ணனும் அதை மறுக்கவில்லை. மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்த் தொட்டியில் எலி செத்துக் கிடந்த நாள் அது. காலை எட்டு மணிக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசை நின்றது. பத்து மணிக்குள் முப்பது வார்த்தை காலி. பதினொன்றுக்கு, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அவர் மனைவி வந்தாள். வேலைக்குச் சேர்ந்த ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அந்த மேசைப் பக்கம் வராதவள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை நெஞ்சில் இருந்தது.

“முடியலங்க” என்று பெஞ்சில் சாய்ந்தாள்.

அண்ணன் பதறிப்போய் நோட்டைப் புரட்டினார். மிச்சம் இருந்தது ஒரே வார்த்தை, ஆக்வர்ட். நாலு பேர் நடுவில் வேட்டி அவிழ்ந்தால் வருகிற சங்கடம் அது. அதையும் அடித்துப் பார்த்தார். சங்கடத்துக்கெல்லாம் லீவு கிடையாது, சூப்பர்வைசரிடம் மனம்விட்டுப் பேசவும் என்று கம்ப்யூட்டர் அறிவுரை சொன்னது.

நீங்களும் நானுமாக இருந்தால் அந்தக் கதவை உடைத்திருப்போம். அண்ணனுக்கு அது தோன்றவில்லை. “இங்கயே இரு, நல்ல வார்த்தையா வாங்கிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கேட்டருகே லாரி ஓட்டுநர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். காலையில் கிளாமி வாங்கியவர்.

“தம்பி, அந்த வார்த்தையத் திருப்பிக் குடுத்துடு. உங்க அண்ணிக்கு முடியல.”

“ஐயோ அண்ணே, வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேனே. எங்க அம்மா அக்கம்பக்கம் பூரா எனக்குக் கிளாமின்னு சொல்லி அழுதுட்டிருக்காங்க. சரி, அண்ணிக்குத்தானே. வாங்க.”

வார்த்தையைத் திருப்புவதற்கும் ஒரு விதி இருந்தது. வாங்கினவருக்கு அந்த உபாதை தீர்ந்துவிட்டது என்று சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சூப்பர்வைசர் ஓட்டுநரின் கையைப் பிடித்தார். பொய் சொல்லி மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் அந்தக் கை சொதசொதவென்று வேர்த்துக் கிடந்தது.

“யோவ், இவனுக்கு அப்படியேதானே இருக்கு! எப்படிக் கையெழுத்துப் போடறது?”

“சார், அது பயத்துல வேர்க்குது சார்!”

“பயத்துக்கு வேற வார்த்தை போடுங்க. அப்புறம் பாக்கலாம்.”

“அதையும் காலைலயே குடுத்துட்டேன் சார்” என்றார் அண்ணன்.

ஓட்டுநர் கையைச் சட்டையில் துடைத்தார். திரும்பவும் வேர்த்தது. விசிறியடியில் நிறுத்திப் பார்த்தார்கள். ஊதிப் பார்த்தார்கள். மூன்று ஆண்பிள்ளைகள் ஒரு உள்ளங்கையைச் சுற்றி நின்று ஊதிக்கொண்டிருந்தபோது பேக்கிங் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அண்ணே, அக்கா பெஞ்சிலேருந்து சரிஞ்சுட்டாங்க!”

அண்ணன் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கழன்று நின்றது. நேரே போய்க் கண்ணாடிக் கதவைத் தோளால் இடித்தார். அது பூட்டியே இருக்கவில்லை. இடித்த வேகத்தில் டாக்டரின் மேசை மேலேயே போய் விழுந்தார்.

“என்ன வார்த்தை?” என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

“வார்த்தை இல்ல சார். எழுந்து வந்து பாருங்க சார்.”

டாக்டர் எழுந்து வந்தார். அவர் இவ்வளவு உயரம் என்று வரிசையில் நின்றவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாடி பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், நாக்கடியில் ஒரு மாத்திரையைத் திணித்தார், வேனைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்.

வேனில் முன்சீட்டிலிருந்து டாக்டர் ஆஸ்பத்திரிக்கு போனில் சொல்லிக்கொண்டே வந்தார். இதயம்தானாம், பத்து நிமிஷத்தில் போய்விட்டால் பிழைத்துக்கொள்வாளாம். பின்னால் அவள் தலை அண்ணன் மடியில் இருந்தது. மாத்திரை கொஞ்சம் வேலை செய்திருக்க வேண்டும், கண்ணைத் திறந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“எப்பலேருந்துடி இப்படி இருக்கு?”

“மூணு வாரமா.”

“பைத்தியக்காரி, என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேங்க. ஒரு மாதிரியா இருக்குன்னு சொன்னேன். என்ன மாதிரின்னு சரியாச் சொல்லுன்னீங்க. எனக்குச் சொல்லத் தெரியல. விட்டுட்டேன்.”