அம்மா கடைக்குப் போனபோது குறைந்த இருபத்தேழு

வடக்கனந்தல் பக்கம் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் மைக் மார்ட்டினிடம்தான் இருக்கும். வயது முப்பத்திரண்டு. பதினெட்டில் வந்த தசைச்சிதைவு நோய் காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, தோள்வரை ஏறிவிட்டது. நாக்கை மட்டும் விட்டுவைத்தது. அதுவும் போயிருந்தால் ஊரில் பாதிப் பேர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள். கோட்டைத் தொடாமல் ஓடி வருகிறவனைப் பார்த்து, "நானே போய் தொட்டுட்டு வந்துருப்பேனேடா" என்று சக்கர நாற்காலியிலிருந்து சொல்கிறவன் அவன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மணிமொழி என்கிற பிசியோதெரபிஸ்ட் ஒரு கேள்வித்தாளோடு வந்தாள். இந்த நோய் உள்ளவர்களின் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் ஆய்வு. கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் வரும். நெல்லில் ஈரம் பார்ப்பதுபோலவா என்று மார்ட்டின் கேட்டான். அவள் சிரிக்கவில்லை. ஏற்கனவே பதினொரு வீடு ஏறி இறங்கியிருந்தாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா மார்கரெட் பதில் சொன்னாள். தூக்கம் நன்றாக வருகிறது. மனக்கவலை கிடையாது. கல்யாண ஆசை பற்றிய கேள்விக்கு, "அதெல்லாம் எம்புள்ளைக்குக் கெடையாதுங்க" என்றாள். மார்ட்டின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபத்தாறு வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில்கூட அவன் இவ்வளவு வாங்கியதில்லை.

வந்தவருக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வரும்படி அம்மாவைக் கடைக்கு அனுப்பினான். அவள் தெருமுனை திரும்பியதும், "மேடம், அது எங்கம்மாவோட மார்க்குங்க. இப்ப என்னுத கேளுங்க" என்றான்.

தூக்கம் இல்லை, தானாகப் புரள முடியாமல் ஒரு பக்கம் மரத்துப்போகிறது. ஆசை தாராளமாக இருக்கிறது, ஆள்தான் இல்லை. பிறகு, தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னான்: சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவன் தண்ணீர் குடிப்பதில்லை.

"அம்மாவுக்கு முதுகு போயிடுச்சுங்க. என்னத் தூக்கிக்கினு போவ முடியல. அதான் வர்ற வழியையே அடச்சுட்டேன்."

முப்பத்தொன்பது வந்தது. கலரோடு வாசலில் நின்ற மார்கரெட் கடைசிப் பேச்சைக் கேட்டுவிட்டிருந்தாள். அழவில்லை. அரைமணி நேரம் திட்டினாள். திட்டி முடித்து, படுக்கையிலேயே வைத்துக்கொள்ளும் சிறுநீர் பாட்டில் எங்கே கிடைக்கும் என்று மணிமொழியிடம் விசாரித்தாள்.

மணிமொழியின் கவலை வேறு. அந்தப் பதினொரு பேரையும் அவள் குடும்பத்தை நடுவில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருந்தாள். எல்லாரிடமும் திரும்பப் போக வேண்டும். வீட்டு ஆட்களை எப்படி வெளியே அனுப்புவது?

"அத எங்கிட்ட வுடுங்க" என்றான் மார்ட்டின்.

முதலில் கருணாபுரம். கபடிக்காரர்கள் இரண்டு பேர் அவனை ஷேர் ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். மைக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்தோ என்னவோ, கொஞ்சம் பொத்தென்றுதான் இறக்கினார்கள். அங்கே கமலாவுக்கும் இதே நோய். அவள் கணவர் நாராயணசாமி, விட்டால் அவளுக்காக மூச்சும் தானே விடுகிற ரகம். மணிமொழி தாளோடு உள்ளே போனதும் மார்ட்டின் அவரை வாசலில் பிடித்துக்கொண்டான். அவர் உள்ளே எட்டிப் பார்த்தபோதெல்லாம் கருணாபுரம் அணியைக் கேவலமாகப் பேசினான். அவரும் சண்டை போடத் திரும்பி வந்தார்.

உள்ளே முதலில் அழுகை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கமலா சிரித்தாள்.

நாராயணசாமி பேச்சை நிறுத்தினார். "இன்னா சொல்லிக்கினு கீறா?"

"உங்களத்தான் திட்டிக்கினு இருக்காங்கண்ணா."

அவர் உள்ளே போகவில்லை. சட்டைப்பையைத் தடவிப் பீடியை எடுத்தார், பற்றவைக்காமலே விரலில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"திட்டட்டும்" என்றார்.